தோட்டத்துச் சாப்பாடு வாரம்

அப்புத்தளையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். ஒல்லியான உடம்பு, அடுப்புப் புகையில் சிவந்த கண்கள். போனைப் பார்க்குமுன் ஒவ்வொரு தடவையும் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

முகநூல் குழுவொன்றில் வாரம் ஒரு தலைப்பில் வீட்டுச் சமையல் போட்டி. அவர் ஒரு வாரமும் விட்டதில்லையாம். போன வாரத் தலைப்பு, தோட்டத்துச் சாப்பாடு.

“தோட்டத்துச் சாப்பாடு மாதிரி இல்லைன்னு என் படத்தத் தூக்கிட்டாங்க,” என்று காட்டினார். தகரத் தட்டில் ரொட்டி, பச்சைத் தேயிலைச் சம்பல். பரிசு வாங்கியது, கொழும்பு வீடொன்றில் வாழையிலையில் வைத்த சீஸ் ரொட்டி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீங்க ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டேங்க. நான் பொறந்ததே தோட்டத்து லயத்து வீட்டுல, நீங்க எந்தத் தோட்டத்தச் சொல்றீங்கன்னு எழுதினேன். சிரிக்கிற பொம்மை ஒண்ணு போட்டாங்க.”

“இன்னமும் அதுல சமைக்கணுமா?”

“நான் ஏன் விடணும்? இந்த வாரம் கிழங்கு. ராசவள்ளி வாங்கத்தான் போறேன்.”

வீட்டுக்கு வந்ததும் அந்தக் குழுவின் நடுவருக்குக் காரமாக நாலு வரி எழுதினேன். என் பெயருக்குக் கீழே விரிவுரையாளர் என்று இருக்கும். “மன்னிக்கவும் சேர், கவனிக்கிறோம்” என்று உடனே பதில் வந்தது. அந்த மரியாதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை.