டெக்லாவின் தகப்பன் பெயர்

மாதா கோயிலுக்குள் நுழையுமுன் பெட்ரோனெலா கையுறையைக் கழற்றுவாள். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு நுனியையும் லேசாக இழுத்துத் தளர்த்துவாள். கட்டைவிரல் கடைசி. அதுவரை பின்னால் வரும் பெரிய குடும்பங்கள் பனியில் நிற்க வேண்டும். அவள் ராஜாவின் ஆசைநாயகி என்பது போலந்துத் தலைநகர் வார்சாவில் குதிரைக்காரனுக்கும் தெரியும். வாய்க்குள் திட்டிக்கொண்டே நின்றார்கள். ஒருவரும் முந்திப் போனதில்லை.

அவள் பிறந்தது போட்லாசியே என்ற நாட்டுப்புறத்துச் சேற்றில். அப்பாவுக்கு இரண்டே எருது. துருப்பிடித்த வாளை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் உழுவார். தான் பிரபு குலம் என்பதைப் பக்கத்து வயல்காரன் மறந்துவிடக் கூடாதே. பதினாறு வயதில் அவளை ஒரு கிழவருக்குக் கட்டிவைத்தார்கள். மூன்றாம் வருஷம் திருச்சபை நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடி, அந்தக் கல்யாணம் செல்லாது என்று எழுதி வாங்கினாள். பனிச்சறுக்கு வண்டி ஊர்வலம் ஒன்றில் வண்டிக்காரனை இறக்கிவிட்டுத் தானே ஓட்டிப் போனவளை ராஜா பார்த்தார். அவ்வளவுதான் கதை என்று ஊர் சொல்லும்.

மகள் டெக்லாவின் ஞானஸ்நானத்தன்று நான் பங்குச்சாமிக்கு எழுத்துவேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி பதிவேட்டைத் திறக்கவும் அரண்மனை நிர்வாகி திரெம்பிட்ஸ்கி உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"தகப்பன் பேரு தெரியாதுன்னு எழுதிருங்க சாமி. அதுக்குப் பதிலா அம்மணிக்கு ராஜா சீமாட்டிப் பட்டம் குடுக்கிறாரு. பத்திரம் கையோட கொண்டாந்திருக்கேன்."

"பட்டமா?" பெட்ரோனெலா சிரித்துவிட்டாள். "ராஜா வெளிநாட்டுலேர்ந்து வந்தவரு, அவருக்குத் தெரியாது. நீங்க இந்த ஊர்க்காரர்தானே? இந்த நாட்டுச் சட்டத்துல கோட்டை கட்டி வாழுற பிரபுவும் எங்கப்பாவும் சரிசமம். இதுக்கு மேல எனக்கெதுக்கு ஒரு காகிதம்?"

"வீம்பு பண்ணாதீங்க அம்மணி. நாளைக்கு இந்தப் பொண்ண யாரு கட்டுவா?"

"அத டெக்லா பாத்துக்குவா. உங்களப் பொண்ணு கேட்டு வரச் சொல்லலியே."

பிறகு சாமியின் பக்கம் திரும்பினாள். "ராஜா பேர எழுதுங்க சாமி. பயமா இருந்தா அந்த இடத்தச் சும்மா விடுங்க. தெரியாதுன்னு மட்டும் எழுதாதீங்க. எனக்குத் தெரியும்."

சாமியின் பேனா தாளுக்கு மேல் வெகுநேரம் நின்றது. ஒரு சொட்டு மை விளிம்பில் விழுந்தது. தாயின் பெயரை எழுதினார். அதற்கு மேல் ஒரு வரியை வெறுமையாக விட்டார். நிர்வாகி பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவளை அரண்மனை விரட்டிவிடும் என்று ஊர் ஆவலோடு காத்திருந்தது. அவளோ அடுத்த ஞாயிறும் வந்தாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. பதிவேட்டைச் சாமி அலமாரியில் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அவள் ஒருநாளும் அதைப் பார்க்கக் கேட்கவில்லை. ரோஷக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது வருஷம் கழித்துச் சாமி இறந்தபின் அலமாரியைத் திறந்தேன். வெறுமையாக விட்ட அந்த வரியில் ராஜாவின் பெயர், ராஜாவின் சொந்தக் கையெழுத்திலேயே இருந்தது.

கோயில் மணியடிக்கும் கஸ்பெரிடம் காட்டினேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஞானஸ்நானம் முடிஞ்ச அடுத்த வியாழக்கெழமையே ராஜா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரேப்பா. வெளிய சொல்லக் கூடாதுன்னு சாமி எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. ராஜாவ கையப் புடிச்சுக் கூட்டியாந்ததே அந்தம்மாதான்."