மங்கம்மாவின் முகத்தோடு போட்ட படம்

தொல்லியல் அலுவலகம் ஒன்றில் போட்டோகிராபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி சில ஆண்டுகள் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் படம் போடுவதும் என் வேலைதான். இப்போது அந்த வேலைக்கு வருபவர்களுக்காக, நான் செய்த ஒரு தவற்றை எழுதி வைக்கிறேன்.

பழவேற்காடு ஏரியில் தண்ணீர் வற்றியிருந்த சமயம். தோணிரேவு கிராமத்துப் பக்கம் கையால் தடவி இறால் பிடிக்கும் மங்கம்மா, சேற்று மேடு ஒன்றில் பெரிய பானை விளிம்பு தெரிவதாகச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தோம். பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழிகள்; மூன்றின் வாய் தெரிந்தது. டிரெஞ்ச் போட்டு முறையாகத் தோண்ட அனுமதி வர நாளாகும் என்பதால், மண்ணைப் போட்டு மூடிவிடச் சொன்னார் எங்கள் அதிகாரி.

மூடுவதற்கு முன், அளவு தெரிய ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தேன். கண்டுபிடித்தவருக்குப் பெயர் கிடைக்கட்டும் என்று மங்கம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"எம் மூஞ்சி இன்னாத்துக்கு சார்?" என்றார்.

"நாலு பேருக்குத் தெரியட்டும்மா."

"அப்ப சரி, எடுங்க" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

படத்தை அலுவலக இணையப் பக்கத்தில் அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்தே போட்டேன். அதில் அதுவரை எதற்கும் அவ்வளவு லைக் விழுந்ததில்லை. "உள்ள தங்கம் இருக்குமா?" என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பத்து நாளில் ஊரிலிருந்து போன் வந்தது. ஓடினோம். மேடு முழுக்கக் குழி. தாழிகள் ஓடுகளாக நொறுங்கிக் கிடந்தன. எலும்புத் துண்டுகள் சேற்றோடு மிதிபட்டிருந்தன. அதிகாரி குழிக்குள் இறங்கிப் பார்த்தார்.

"மண்ணு அடுக்கெல்லாம் கலஞ்சு லேயரே போச்சுப்பா. எது எந்தக் காலம்னு இனிமே இதுல என்னத்தச் சொல்ல முடியும்?"

மங்கம்மாவைத் தேடிப் போனேன். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"போன்ல எம் படத்தக் காட்டி, இந்தம்மா வூடு எதுனு கேட்டுக்கினே ரெண்டு பேர் வந்தாங்க சார். காட்ட மாட்டேன்னுட்டேன். புதுசா மண்ணு மூடுன எடத்த அவங்களே தேடிக்கினாங்க. இப்ப நான்தான் கூட்டிக்கினு போயி காட்டிட்டேன்னு ஊரே பேசுது. கூட எறா தடவ வர்றவளுங்க என்னக் கூப்புடறதே இல்ல."

"நான் வந்து சொல்றேம்மா."

"யாராண்ட போயி இன்னானு சொல்லுவீங்க?"

இருந்தாலும் ஊராரிடம் போய், தவறு என்னுடையது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை, நம்பியதாகவும் தெரியவில்லை. அன்றைக்கே படத்தை நீக்கினேன். அதற்குள் யார் யாரோ எடுத்து, 'புதையலைக் காட்டிய பெண்' என்று தலைப்புக் கொடுத்துப் பரப்பிவிட்டார்கள். எழுதிக் கேட்டதில் சிலர் நீக்கினார்கள். பலர் பதிலே போடவில்லை. மங்கம்மா தனியாகத்தான் தண்ணீரில் இறங்குகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அகழாய்வு முடியும்வரை இடம் தெரியும்படி எதையும் போடாதீர்கள். படம் எடுக்கலாமா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது யார் கைக்கெல்லாம் போகும் என்பதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். மங்கம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. எனக்கே அது அப்போது தெரியாது என்பதுதான் உண்மை. அதை அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.