பாதிச் சேலையில் எழுந்து போனவன்

இன்று களம்பூரிலிருந்து ஆரணி வரும் பஸ்ஸில் ஏகாம்பரம் அண்ணன் பக்கத்தில் இடம் கிடைத்தது. பார்த்துப் பல வருடம் ஆகிறது.

எண்பத்திரண்டில் நாங்கள் ஒரே தறியில் வேலை செய்தவர்கள். கரை வைத்த பட்டுச் சேலைக்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். அவர் நெய்வார். நான் ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போடுவேன்.

ஒருநாள் கரையில் ஓர் இழை பிசகியதற்கு முதலாளி எல்லோர் எதிரிலும் என்னை நாக்கூசாமல் திட்டினார். அதே பிசகு அவருடைய மச்சான் தறியில் வந்தபோது சிரித்துவிட்டுப் போனவர்.

அவர் தலை மறைந்ததும் பாதிச் சேலையில் எழுந்தேன். திரும்பிப் போகவேயில்லை.

நாற்பது வருடமாக இதை மீசையை முறுக்கிக்கொண்டு சொல்லி வருகிறேன். இன்று அண்ணனிடமும் ஆரம்பித்தேன்.

"மொதலாளிக்கு நான் யாருன்னு காட்டினேன் பாத்தியாண்ணே?"

"அவருக்கு இன்னா? மத்த தறியெல்லாம் ஓடிகினுதான் இருந்துச்சு. நின்னது நம்ம தறிதான். ஓரத்துக்கு ஆள் கெடைக்கிற வரைக்கும் பதினஞ்சு நாளு சும்மா குந்திகினு இருந்தேன்."

மீசையிலிருந்து கையை எடுத்தேன். பிறகு, "எம்மேல கோவமாண்ணே?" என்றேன்.

"கோவம் இன்னா கோவம். நீ டீ குடிக்கப் போறேன்னு நெனச்சிகினு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேன்பா."

ஊரெல்லாம் சொன்னதை அவர் ஒருவரிடம் மட்டும் அன்று சொல்லவில்லை.

வேலையை விட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினீர்களா?