கம்ப்யூட்டர் மறந்த வெள்ளிக்கிழமை

அத்தா குவைத்திலிருந்து மொத்தமாக ஊர் திரும்பியபோது கொண்டுவந்த கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் சம்பந்தி மாதிரி நடத்துவோம். லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருக்காரர்கள், அரபு நாட்டில் இருக்கும் தங்கள் ஆட்களை முகம் பார்த்துப் பேச எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பாஸ்வேர்டு அத்தா ஒருவருக்குத்தான் தெரியும். திரையில் அவர் பெயர் வராது, அட்மினிஸ்ட்ரேட்டர் என்றுதான் வரும். அது குவைத்தில் உட்கார்ந்திருக்கும் ஏதோ பெரிய ஆபீசர் என்று நான் நம்பியிருந்தேன். இரண்டாம் வகுப்புப் படிப்பவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் முறை. அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்குத் தாய் வீடு என்று இருந்தது எங்கள் வீடுதான், அதனால் பிரசவமும் இங்கேயே நடந்தது. கல்யாணமான சூட்டோடு குவைத்துக்குப் போன அவள் மாப்பிள்ளை, எங்கள் சின்னத்தா, பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. இதுவரை போனில் குரல்தான். மறுநாள் அவரை நெட்டே இல்லாத பாலைவனத்து வேலைக்கு அனுப்புகிறார்கள், எப்போது திரும்புவார் என்று தெரியாது. ஜும்மா முடிந்ததும் கூட இருப்பவரின் லேப்டாப்பில் உட்கார்ந்து மிஸ்டு கால் கொடுப்பார், நாங்கள் தயாராக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அத்தா காலையிலேயே கம்ப்யூட்டரைப் போட்டு வைத்தார். அம்மா கீபோர்டை முந்தானையால் தேய் தேய் என்று தேய்த்துத் துடைத்து வைத்தாள். பிள்ளைக்குப் புதுச் சட்டையும் தொப்பியும் போட்டாயிற்று.

அத்தா உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தார். தப்பு என்றது. மறுபடி அடித்தார். தப்பு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். அடிப்பதெல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே என்ன விழுகிறது என்று யார் கண்டது?

“மறந்துட்டீங்களா?” என்று அம்மா கேட்டதுதான் தாமதம்.

“நான் மறக்கல. இதுதான் மறந்துடுச்சு” என்று எரிந்து விழுந்தார்.

பெரம்பலூர் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டார். ஃபார்மட் அடித்தால்தான் ஆகும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். பஸ் பிடித்துப் போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து செல்போன் ஒரு தடவை அடித்து நின்றது. சின்னத்தா உட்கார்ந்துவிட்டார்.

ஒரே லேப்டாப்புக்கு அங்கே ரூமே காத்திருக்கும் என்று அம்மா சொல்லியிருந்தாள். கதவுக்குப் பின்னால் போய் நின்று, யா அல்லாஹ், அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் மனசை இளக்கிவிடு என்று துஆ கேட்டேன். செல் மறுபடி அடித்து நின்றது. அத்தாவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்க ஆரம்பித்தார். அவர் இப்படித் தடுமாறி நான் பார்த்ததே இல்லை. பயந்துபோனேன்.

தெருக்காரர்கள் யார் வந்து பேசினாலும் மூலையில் உட்கார்ந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவள் சின்னம்மா. அவள் எழுந்து வந்து திரையின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

“மச்சான், ஓரத்துல ஏ ஆர்னு ரெண்டு எழுத்து நிக்கிதே. எப்பவும் ஈ என்-னுதானே இருக்கும்?”

அத்தா குனிந்து உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். குவைத்தில் வாங்கிய கம்ப்யூட்டர், இங்கிலீஷ், அரபி இரண்டும் எழுதும். அம்மா துடைத்த துடைப்பில் ஏதோ இரண்டு பட்டன் சேர்ந்து அமுங்கி, அது அரபிக்கு மாறிவிட்டிருந்தது. அத்தா அடித்த சரியான பாஸ்வேர்டு அத்தனையும் உள்ளே அரபியாக விழுந்திருக்கிறது.

“இனிமே நீ சுத்தம் பண்றேன்னு இதுமேல கை வெச்சுப் பாரு” என்றார் அத்தா. அம்மா, அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

இங்கிலீஷுக்கு மாற்றி அடித்ததும் கம்ப்யூட்டர் திறந்தது. சின்னத்தாவின் முகம் கட்டம் கட்டமாக வந்து சேர்ந்தது. சின்னம்மா நாற்காலியில் உட்கார, மடியில் பிள்ளை. ஒயர் வைத்த கேமராவைக் கையில் பிடிக்கும் பொறுப்பு எனக்கு.

“பாருங்க தம்பி, உங்க மூக்கு அப்படியே இருக்கு” என்றாள் அம்மா.

“மாஷா அல்லாஹ்” என்றார் சின்னத்தா. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் கழித்து, “கேமராவைக் கொஞ்சம் மேல தூக்கும்மா” என்றார்.

தூக்கினேன். பிள்ளையின் தொப்பிதான் தெரிந்தது. பதறிப்போய் இறக்கினேன்.

“இன்னும் கொஞ்சம் மேல” என்றார்.

அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கிருந்து அம்மாவையும் கூப்பிட்டார். சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு பாடுபட்டுத் திறந்து வைத்திருக்கிறோம், இந்த மனுஷனுக்கு ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லையே. “பாப்பா கீழ இருக்கு சின்னத்தா, மேல சின்னம்மாதான் இருக்காங்க” என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு, கேமராவை அசையாமல் பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.