ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

போன வருடம் தை மாதம் நடந்தது இது. குலசேகரன்பட்டினத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் அப்போதுதான் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் சீவலப்பேரி. அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்குக் கம்ப்யூட்டர் கணக்கில் வரும் சிக்கல்களைப் போனில் தீர்த்து வைக்க வேண்டும். இருந்த இடத்திலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னதும், சென்னை வாடகைக்குப் பயந்து ஊருக்கு வந்தேன். எங்கள் வீடு ஒரே அறை. மேலே தகரம். உள்ளே சிக்னல் கிடையாது. வெளியே வேப்பமரத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தால், “படிச்ச பய வேல இல்லாம வந்து கெடக்கான்” என்று தெருவே பேசியது. அம்மாவுக்கு அது தாங்கவில்லை. அதனால்தான் அமைதியான, வாடகை குறைந்த இடமாகத் தேடிக் கடற்கரைக்குப் போனேன்.

வீடு பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுதான் நான் செய்த தப்பு. அலைச் சத்தம், எங்கோ சர்ச்சில் பாட்டு, கரையில் வரிசையாகப் படகுகள். ஆள் நடமாட்டமே இல்லை. உடனே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆறும் வயலும் பார்த்து வளர்ந்தவன் நான்.

திங்கட்கிழமை விடிந்ததும் தெரிந்துவிட்டது. என் ஜன்னலுக்கு நேர் கீழேதான் மீன் ஏலம். படகு வந்து ஒதுங்கும் சத்தம், ஐஸ் உடைக்கும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே ஏலம் கூறுகிற அண்ணாச்சியின் குரல். அவருக்கு மைக் தேவையே இல்லை. நம் ஊர் நேரப்படி என் வேலை காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். ஆறு மணிக்கு ஏலமும் தொடங்கும். ஜன்னலைச் சாத்தினேன். போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு உள்ளே லேப்டாப்பை வைத்துப் பேசிப் பார்த்தேன். வேர்த்து ஊற்றியதுதான் மிச்சம். நாலு மணிக்கு எழுந்து எழுந்து கண்ணெல்லாம் எரியும். நான் “ஹலோ, ஹலோ” என்று கத்துவது கீழேயும் கேட்டிருக்கிறது. மீன்காரப் பெண்கள் எனக்கு ‘ஹலோ தம்பி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “ஏட்டி, ஹலோ தம்பி சண்டைய ஆரம்பிச்சிட்டாம்ட்டி” என்று சிரிப்பார்கள்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை, எங்கள் டீம் லீடர் போனில் கூப்பிட்டார். மறுநாள் ஆறரைக்கு வாடிக்கையாளர் கம்பெனியின் பெரிய ஆட்கள் பேச வருகிறார்கள், என் பக்கத்திலிருந்து இனியும் இந்தச் சந்தைச் சத்தம் வந்தால் என்னை வைத்துக்கொள்ள முடியாது என்றார். “சரி சார், சரி சார்” என்று மட்டும் சொன்னேன். வைத்ததும் மாடி விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்துக் கத்தினேன்.

“உங்களுக்கெல்லாம் மெதுவாப் பேசவே தெரியாதா? இங்க ஒரு மனுசன் வேல பாக்கான்!”

ஒரு நிமிடம் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, கையில் இருந்த மீனைக் கீழே வைக்காமலே கேட்டார்: “அப்ப நாங்க என்ன, கட்டம் கீறிப் பாண்டியா வெளயாடுதோம்?” கரையே சிரித்தது. நான் உள்ளே வந்து கதவை அடைத்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் டீக்கடையில் ஏலம் கூறுகிற அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்ன தம்பி, காலையில அம்புட்டு கோவம்?” என்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. வேலை போய்விடும் என்பதை அப்படியே சொல்லிவிட்டேன்.

“எத்தன மணிக்கு?”

“ஆறரைக்கு அண்ணாச்சி. ஒரு மணி நேரம்.”

“ம்” என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணி ஆனது. சத்தமே இல்லை. அலையும் காக்காயும் மட்டும். இன்று வலையில் மீன்பாடு இல்லை போலிருக்கிறது, நம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சு நன்றாகவே முடிந்தது. டீம் லீடரே “குட்” என்றார். சந்தோஷத்தில் டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.

அப்போதுதான் பார்த்தேன். தூரத்தில், கரையின் அந்தக் கோடியில் சிலுவை நிற்கும் மேட்டுக்கு அருகே கூட்டமாக நின்றார்கள். ஏலத்தை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஆனால் ரோடு முடிவது என் வீட்டு வாசலில்தான். லோடு ஆட்டோக்கள் எல்லாம் இங்கேதான் நின்றன. ஏலத்தில் எடுத்த மீனையெல்லாம் பெண்கள் அந்தப் பொதபொத மணலில் கால் புதையப் புதையச் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் முகத்தில் வழிந்தது.

நேற்று எனக்குப் பதில் சொன்ன அம்மா பாதி வழியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் துணி கட்டியிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

“முடிஞ்சுதாய்யா ஒன் பரிச்ச?” என்று கேட்டார்.

“முடிஞ்சுது.”

“பாஸா?”

தலையை ஆட்டினேன்.

“பொறவு என்ன, மசமசன்னு நிக்க? அந்தப் பக்கம் ஒரு கை பிடி.”

பிடித்தேன். என்ன கனம்! பைய நடந்து ஆட்டோ வரைக்கும் வந்தோம். கூடையை ஏற்றிவிட்டு மூச்சு வாங்க நின்றவர், கோபமே இல்லாமல் கேட்டார்:

“நாளைக்கும் உண்டுமாய்யா? இருந்தா இப்பமே சொல்லிரு. முட்டுக்குத் தைலம் தேச்சிட்டு வந்துருதேன்.”

“இல்லம்மா. இனி கிடையாது” என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்தேன். சொன்னேனே தவிர, மறுநாளும் வழக்கம்போல ஆறரைக்கு வாடிக்கையாளர்களோடு பேச்சு இருந்தது. டீம் லீடரைக் கூப்பிட்டேன். காலையில் இங்கே சத்தமாகத்தான் இருக்கும் சார், அது இவர்கள் பிழைப்பு, பேசுகிற நேரத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எட்டரைன்னா ஓகேவா? இத முதல்லயே கேட்டிருக்கலாமேப்பா” என்றார். அவ்வளவுதான்.

இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறேன். போன் பேச்சுதான் எட்டரைக்குத் தள்ளிப்போனது; மற்ற வேலை ஐந்துக்கே தொடங்குவதால் இன்னும் நாலு மணிக்கு எழுகிறேன், கண் எரிச்சலும் அப்படியேதான் இருக்கிறது. ஆறு மணிக்கு அண்ணாச்சியின் குரல் எழும்பும்போதெல்லாம், கேட்க வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கப் பயந்துகொண்டு, என் அம்மாவைப் போலச் சுமை தூக்குகிறவர்களைப் பார்த்துக் கத்தினேனே என்பது ஒவ்வொரு நாளும் ஒருமுறை உறுத்திவிட்டுத்தான் போகிறது.