பால்சோறு சாப்பிட்ட புத்தர்

"நீங்க என்ன சாமி கும்புடுறீங்க டீச்சர்?" என்று என் மாணவி ஜூலியின் அம்மா கேட்டார். கல்லூரி நாட்களிலிருந்தே புத்தரை வாசித்து வாசித்து, அவர் வழியில்தான் நடக்கப் பார்க்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை.

ஆவூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளி. என் முதல் வேலை. மதிய வெயிலில் ஆறாம் வகுப்பு முழுக்க எலுமிச்சைச் சோறு மணக்கும்... ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பதால் பாதி டப்பாக்களில் முட்டைகூட இருக்காது.

அப்படி ஒரு வாரத்தில்தான் சமூக அறிவியலில் பௌத்தப் பாடம் நடத்தினேன். வாழ்க்கையில் துன்பம் இருக்கிறது, அதற்குக் காரணம் ஆசை, ஆசை அடங்கினால் துன்பமும் அடங்கும், அதற்கு ஒரு வழி உண்டு... அவ்வளவுதான். முன்வரிசையில் ஜூலி தலையாட்டிக் கேட்டாள். தவக்காலத்தில் பிடித்ததை விட்டுப் பழகிய பிள்ளை. மறுநாள் முதல் மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள்.

விஷயம் தெரிந்து அவள் அம்மா வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். கையில் திறக்காத டப்பா.

"கறி வேணாம்னுதான் நாங்க சொன்னோம். நீங்க சோறே வேணாம்னுட்டீங்களே டீச்சர். நேத்து பிரேயர்ல மயங்கிட்டாளாம்."

அப்புறம்தான் அந்தக் கேள்வி. பின்னால் தலைமை ஆசிரியை. மதம் மாற்றுகிற டீச்சர் என்று பேர் வந்தால் வேலை போய்விடும். ஆனால் ஜூலியின் வறண்ட உதடுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"மொதல்ல ஜூலி சாப்புடட்டும்க்கா," என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புத்தரும் ஒன்ன மாதிரித்தான் ஜூலி. பட்டினி கெடந்து எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. ஒரு அக்கா பால்சோறு கொண்டாந்து குடுத்தாங்க. சாப்பிட்டாரு. அப்புறம்தான் அவருக்கு எல்லாம் வெளங்குச்சு. பட்டினியும் வேணாம், பேராசையும் வேணாம், நடுவுல போங்கன்னாரு."

ஜூலி யோசித்தாள். "அவரு வேணாம்னு சொல்லலையா டீச்சர்?"

"சொல்லல."

அவள் டப்பாவுக்குக் கை நீட்டினாள்.

"பெத்தவ கெஞ்சுனா கேக்க மாட்டா. அவரு சாப்பிட்டா இவளும் சாப்பிடுவா," என்ற அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை.

"அடுத்த பாடத்துக்குப் போங்க மிஸ்," என்று சொல்லிவிட்டுத் தலைமை ஆசிரியை நகர்ந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பௌத்தக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பௌத்தம் சொல்லித் தருகிறேன். யார் கேட்டாலும் என் வழி இதுதான் என்று தயங்காமல் சொல்ல முடிகிறது. ஆனால் பால்சோற்றிலிருந்துதான் தொடங்குகிறேன்... ஆசையெல்லாம் அப்புறம்.

அன்று ஜூலி டப்பாவைக் காலி செய்தாள். மறுநாளும்.