ஒரு கரண்டி போதும் மாமி

அண்மையில் நான் வீடு மாறியபோது, குளிர்சாதனப் பெட்டியை ஒரு பக்கம் தானும் மறுபக்கம் அத்தானுமாகப் பிடித்து மாடிக்கு ஏற்றித் தந்தவர் அக்கா. இறக்கி வைத்ததும் மூச்சு வாங்கியவர் அத்தான்தான். அந்த அக்காவின் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொல்கிறார்கள். என்னத்தை எழுதுவது? குசினிக் கதிரையில் இருந்து சப்பாத்து நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் என்றார்கள் டொக்டர்மார். காய்ச்சலுக்குக்கூடப் படுக்காதவர். எங்கேயோ ஆள் மாறிவிட்டது என்றே இன்றைக்கும் தோன்றுகிறது.

அக்கா பிறந்தது பருத்தித்துறையில், நடை பழகியது லண்டனில். அப்பாவின் பலசரக்குக் கடைக்குச் சாமான் வாங்க வந்த பயிற்சியாளர் ஒருவர், அக்கா அரிசி மூட்டை இறக்கும் விதத்தைப் பார்த்துப் பளுதூக்கலுக்கு அழைத்துப் போனார். “பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன வேலை? ஆர் கட்டுவான்?” என்று கேட்காத சொந்தமில்லை. அம்மாவும் அழுதார். அக்கா யாருடனும் வாதாடவில்லை, மறுநாள் காலையும் பயிற்சிக்குப் போனார். சில வருடங்களில் பிரித்தானிய அணியின் உடுப்போடு நாடு நாடாகப் போகத் தொடங்கினார். தோற்று வந்தாலும் வென்று வந்தாலும் முதலில் பசியைப் பற்றித்தான் பேசுவார். போட்டியன்று தராசில் தன் பிரிவுக்குரிய நிறையைவிடச் சற்றுக் கூடினாலும் மேடையேற விடமாட்டார்கள்.

சிட்னியில் ஒரு சர்வதேசப் போட்டிக்கு வந்தபோது, அம்மா தொலைபேசியில், “டூங்கபியில என்ர சிநேகிதி இருக்கிறா. ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டு வா” என்றார். போட்டிக்கு முதல் நாள் அக்கா போனார். சிநேகிதி விடியவே எழுந்து நண்டுக் கறியும் புட்டும் வட்டிலப்பமும் செய்து வைத்திருந்தார்.

“ஒரு கரண்டி போதும் அன்ரி.”

“ஓம் பிள்ளை, ஒரு கரண்டிதான்.”

ஒரு கரண்டி என்றால் வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டு நாலு கரண்டி வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். அன்ரியின் முகத்தைப் பார்த்து அக்காவுக்கு மறுக்க வாய் வரவில்லை. மறுநாள் தராசு காட்டிக்கொடுத்துவிட்டது. குறைக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. வருடக்கணக்கான பாடு ஒரு நண்டுக் கறியில் போகப் பார்த்தது.

விஷயம் தெரிந்ததும் அன்ரி தலையில் கை வைத்து இருந்துவிட்டார். அவருடைய மகன் காரைக் கொண்டு வந்தார். வெளியே கொளுத்தும் வெயில். கண்ணாடிகளை மூடி, ஹீட்டரையும் போட்டு, வியர்த்து நிறை இறங்கட்டும் என்று தடித்த ஜக்கெட்டோடு அக்காவை இருத்திச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். திரும்பி இறங்கும்போது இரண்டு பேரும் ஆற்றில் விழுந்து எழும்பினவர்கள் போல இருந்தார்களாம். நிறை மயிரிழையில் சரிவந்தது.

மேடையில் முதல் இரண்டு முயற்சிகளும் தவறின. மூன்றாவதில் பாரம் தலைக்கு மேலே நின்றது. நடுவர் சைகை காட்டும்வரை பிடித்திருக்க வேண்டும் என்பது பார்க்க வந்திருந்த அன்ரிக்குத் தெரியாது. “காணும் பிள்ளை, போடு கீழே!” என்று கத்தினார். அக்கா சிரித்துக்கொண்டே பிடித்திருந்தார். அன்று கிடைத்தது வெண்கலம். கார் ஓட்டியவர் அத்தான் ஆனார், அன்ரி மாமி ஆனார். பிரித்தானியாவுக்காக இன்னும் சில மேடைகள் கண்டபின், அக்கா சிட்னிக்கே வந்து கிரவீனில் குடியேறினார்; பிறகு நானும் வந்து சேர்ந்தேன். மெரிலேண்ட்ஸில் பெண் பிள்ளைகளுக்குப் பளுதூக்கப் பழக்கினார். தன் உடம்பையும் கடைசிவரை அதே நிறையில் வைத்திருந்தார். மாமியும் அன்று தொடக்கம் ஒரு கரண்டிக்கு மேல் வைத்ததில்லை.

செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், லண்டனிலிருந்து பறந்து வந்தவர்களுக்கும், எங்களுக்காகச் சமைத்த அயலவர்களுக்கும், அழுதுகொண்டே கதிரைகளை அடுக்கித் தந்த மெரிலேண்ட்ஸ் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று அக்காவின் படத்துக்கு முன் வாழையிலை போட்டிருந்தோம். நண்டுக் கறியை மாமிதான் சமைத்தார். ஒரு கரண்டி வைத்துவிட்டுச் சட்டியை அப்பால் எடுத்தார்.

அத்தான் மெதுவாக, “அம்மா, வடிவா வையுங்கோ. இனி ஆர் நிறுக்கப் போகினம்?” என்றார்.

மாமி கரண்டியைச் சட்டிக்குள் விட்டார். அள்ளினார். இலைவரை கொண்டுபோன கை அங்கேயே நின்றது.

“வேண்டாமடா, பிள்ளை ஏசுவாள்” என்று சொல்லி, அதைத் திரும்பச் சட்டிக்குள்ளேயே ஊற்றிவிட்டார்.